கல்லை நான்தான் ஏற்றி வைத்தேன்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வேண்டியிருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படித்தவர்கள் இதைப் படித்தால் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஒரு மனுவில் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் முதல் நாலு வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். மிச்சத்தை எங்கே சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

என் வேலை ஸ்டாஃப் பிடிப்பது. ஏரியோ ஆறோ கால்வாயோ, எங்கே லெவல் எடுக்க, அதாவது மேடு பள்ளம் அளக்க, வந்தாலும் ஒருவர் மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை வைத்துக் கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்பார். தூரத்தில் இன்னொருவர், கோடும் எண்ணும் போட்ட உயரமான அலுமினியக் கோலை ஊன்றிக்கொண்டு நிற்பார். அந்தக் கோல்தான் ஸ்டாஃப், அந்த இன்னொருவர் நான். கருவிக்காரர் கோலில் தெரியும் எண்ணைப் படித்து நோட்டில் எழுதிக்கொள்வார். கை காட்டினால் நான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். திண்டிவனத்தில் இந்தக் கருவிகளை வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. கருவியோடு என்னையும் அனுப்புவார்கள். இருபது வருஷமாகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நான் கோல் ஊன்றாத ஏரிக்கரை குறைவு. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த இருபது வருஷத்தில், அந்த எண்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காதது என் குற்றம்தான். ஆனால் என் பக்கத்தில் அதே வரப்பில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றவர்களுக்கு ஒரு தடவைகூடச் சொல்லத் தோன்றவில்லையே என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. "நேரா புடி", "ஆட்டாத", "அடுத்த பாயின்ட் போ". இதற்கு மேல் யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

என் அக்காவைக் காணைப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. ஏரிக்குக் கீழே காலனியில் கடைசி வீடு அவளுடையது. ஒரே அறை, ஒரு தையல் மிஷின், இரண்டு ஆடுகள். பகலில் நடவுக்கோ கரும்பு வெட்டவோ போவாள், சாயங்காலம் ஜாக்கெட் தைப்பாள். ஏரி நிரம்பி வழிவதை அங்கே கோடி போவது என்பார்கள். கோடி போனால் தண்ணீர் வயல்களில் பரவி அக்கா வீட்டு வாசல்படி வரைக்கும் வந்து இரண்டு நாளில் வடிந்துவிடும். ஒரு தடவையும் உள்ளே வந்ததில்லை. அந்தத் தண்ணீரை நேராகக் கொண்டுபோய் ஆற்றில் விட ஒரு சிமென்ட் கால்வாய் கட்டப்போகிறோம் என்று சொன்னபோது காலனியில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வாசல்படிக்கும் வராதாம்.

கால்வாயை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு காண்டிராக்டரிடம் கொடுத்தார்கள். ஊருக்குக் கீழே ரோட்டில் இருக்கும் சிறுபாலத்துப் பக்கமிருந்து ஒருவர் கீழ்ப்பாதியைக் கட்டி முடித்தார். ஏரிப் பக்கமிருந்து இன்னொருவர் மேல்பாதியைக் கட்டிக்கொண்டு வந்தார். போன மாசியில் இரண்டும் அக்கா வீட்டுக்குப் பின்னால் வந்து ஒட்டின. சித்திரையில் ஒரு கோடை மழை. கால்வாயில் வந்த தண்ணீர் அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றுவிட்டது. பத்து நாள் தவளை கத்தியது.

அக்கா காண்டிராக்டர் ஆளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, இது தண்ணி ஓடறதுக்குக் கட்டுனீங்களா, நிக்கறதுக்குக் கட்டுனீங்களா?"

"தூரு சேந்திருக்கும்மா. வாரினா சரியாப் பூடும்."

"காயாத சிமென்ட்டுல ஏதுய்யா தூரு? உன் தலையில கீது தூரு."

அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒட்டில் பூசியிருந்த சிமென்ட் சரிவில் அக்கா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் படிக்கும் ஒரு பெண் ஆராய்ச்சிக்காக வந்தாள். ஏரிகள் எப்போது வழியும், வழிந்த தண்ணீர் எந்த வழியாக எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று கணக்குப் போடும் படிப்பு. ஹைட்ராலஜி என்றாள். தமிழில் நீரியலாம். கருவிக் கடை என்னை அவளோடு அனுப்பியது. அக்கா ஊர் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. அக்கா அவளுக்கு மோர் கொடுத்தாள். அவள் நோட்டைத் திறந்து, "முன்னாடியெல்லாம் தண்ணி எதுவரைக்கும் வரும்மா?" என்று கேட்டாள்.

அக்கா வாசல்படியைக் காட்டிவிட்டுச் சிரித்தாள். "வர்றவங்க எல்லாம் எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ வந்துச்சுன்னே கேட்டுக்கினு போறீங்க. ஏன் வருதுன்னு ஒருத்தராச்சும் கேளுங்க கண்ணு."

ஏரி மதகில் ஒரு எண் போட்ட கல் இருக்கிறது. அங்கே ஆரம்பித்து, கால்வாய் ஓரமாகவே லெவல் எடுத்துக்கொண்டு போய், சிறுபாலத்தின் மேலிருக்கும் இன்னொரு எண் போட்ட கல்லில் முடித்தோம். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடைசிக் கல்லில் ஒத்து வரவில்லை. முக்கால் மீட்டர், நம் கணக்கில் இரண்டரை அடி, இடித்தது. மறுநாள் திரும்ப எடுத்தோம். அதே இரண்டரை அடி. மூன்றாம் நாள் வெயிலில் அவள் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "அண்ணா, ஸ்டாஃபை நேராப் பிடிக்கிறீங்களா இல்லையா?" என்று கத்தினாள். கரும்புக் கொல்லையில் வேலை செய்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு வேலை எனக்குத் தெரியும். மூன்றாம் தடவையும் இரண்டரை அடிதான்.

டீக்கடையில் அவளே மன்னிப்புக் கேட்டாள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். பிறகு, எப்படிக் கேட்டேனோ தெரியாது, "ஏம்மா, அந்தக் கல்லுல இருக்கிற நம்பர் இன்னா நம்பர்?" என்று கேட்டுவிட்டேன். கல்லுக்கு வரிசை எண் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அது உயரம்ணா. மரக்காணத்துல கடல் இருக்கில்ல, அந்தக் கடல் மட்டத்துலேர்ந்து இந்தக் கல்லோட தலை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அந்த நம்பர் சொல்லுது. அதை நம்பித்தான் மத்த எல்லாத்தையும் அளப்பாங்க. கல்லு ஒரு அடி ஏறுனாலும் எறங்குனாலும் எல்லாமே தப்பாயிடும்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபது வருஷமாக ஒருவரும் செலவழிக்காத இரண்டு நிமிஷம். டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தப் பாலத்துக் கல்லை ஏற்றி வைத்தவன் நான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கருவிக் கடையில் வேலை இல்லாத ஒரு வைகாசியில், அக்கா சொல்லி அந்த ஊர் ரோட்டு வேலைக்குப் போனேன். ரோட்டை அகலப்படுத்தி உயர்த்தினார்கள். பழைய சிறுபாலத்தை இடித்தார்கள். அதன் ஓரத்தில் தரையோடு தரையாக அந்தக் கல் இருந்தது. கருங்கல், தலையில் அம்புக்குறி, பக்கத்தில் சிவப்பு எண். அதன் மேல் எத்தனையோ தடவை கோல் ஊன்றியிருக்கிறேன். யார் வந்தாலும் முதலில் அங்கேதான் வைக்கச் சொல்வார்கள். பொக்லைன் அதை மண்ணோடு அள்ளப் போனபோது ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "அரசாங்கக் கல்லுங்க, தொலைஞ்சா கேஸாயிடும்!" என்று சத்தம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டது மொத்தமே இரண்டு மூன்று தடவை இருக்கும்.

மேஸ்திரி, "அப்ப நீயே பத்திரமா வெச்சுக்கோ" என்றார். புதுப் பாலம் எழுந்ததும் அதன் கைப்பிடிச் சுவர் மேல், எந்த வண்டியும் இடிக்காத மூலையில், சிமென்ட் போட்டு அந்தக் கல்லை நட்டேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன். எண் மங்கியிருந்தது. பெயின்ட் வாங்கிவந்து ஒரு புள்ளி மாறாமல் அதே எண்ணை எழுதினேன். ஆயுத பூஜைக்கு ரோடு ரோலருக்குப் பொட்டு வைத்தவர்கள் அந்தக் கல்லுக்கும் வைத்தார்கள். பழைய இடத்தைவிட இரண்டரை அடி உயரம். எண் மட்டும் பழைய எண்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கால்வாயின் கீழ்ப்பாதி கட்ட லெவல் எடுத்தபோதும் ஸ்டாஃப் பிடித்தது நான்தான். வந்திருந்த காண்டிராக்டரின் எஞ்சினியர் கல்லைப் பார்த்து, "பரவாயில்லையே, எவனோ நல்லா வெச்சிருக்கான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையோடு அதன் மேல் கோலை ஊன்றினேன். கல் ஏறிய அளவுக்கே கீழ்ப்பாதி முழுவதும் இரண்டரை அடி உயரமாகக் கட்டப்பட்டது. மேல்பாதி மதகுக் கல்லை வைத்துச் சரியாகக் கட்டப்பட்டது. இரண்டும் சந்தித்த இடத்தில் படி மாதிரி நின்றதைச் சிமென்ட் பூசிச் சரிவாக்கி மறைத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்தச் சரிவில் மேலே ஏற வேண்டும். கட்டியவர்கள் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்?

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். தப்பு அவளுடையது இல்லை என்று தெரிந்த சந்தோஷம். உடனே அவளுடைய பேராசிரியருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"கல்லு கதையெல்லாம் எதுக்கும்மா? நாற்பது பாயின்ட் எடுத்திருக்க இல்ல? எர்ரரை நாற்பதுக்கும் பங்கு போட்டுடு. ஒரு பாயின்ட்டுக்கு ரெண்டு சென்டிமீட்டர் கூட வராது."

"சார், இங்க வீடு இருக்கு சார்."

"சப்மிஷன் தேதி இருக்கும்மா."

அப்படியும் மறுநாள் அவள் என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கால்வாயைக் கட்டவைத்த அலுவலகத்துக்குப் போனாள். அதை அவளுக்கு நான் மறக்கக் கூடாது. அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த எஞ்சினியர் அவள் நோட்டைப் புரட்டினார். நான் அவளுக்குப் பின்னால் மடக்கிய கோலோடு நின்றேன்.

"உங்க லெவல் கருவியில கோளாறு இருக்கும்மா."

"மூணு தடவை பாத்துட்டோம் சார். கல்லை ஏத்தி வெச்சிருக்காங்க."

"யாரு சொன்னது?"

"அந்த வேலையில இருந்த ஒருத்தர்."

"அவரக் கூட்டிக்கினு வாங்க. கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கட்டும். அரசாங்கக் கல்லுல கைவெச்சவன் யாருன்னு நானும் பாக்கணும் இல்ல?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. ஸ்டாஃப் பிடிக்கிறவனை யார் பார்ப்பார்கள்? பொக்லைன் முன்னால் நான் போட்ட சத்தம்தான் என் காதில் கேட்டது: கேஸாயிடும், கேஸாயிடும். பீரோ மேலிருந்த அட்டைப் பெட்டிகளை எண்ணினேன். பதினொன்று இருந்தன. வாயைத் திறக்கவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவள் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கும் பயம்தான்" என்று சொல்லிவிட்டுச் சென்னை பஸ்ஸில் ஏறினாள். இரண்டு மாதம் கழித்து ஒரு மெசேஜ் வந்தது. ஆராய்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டாளாம். பங்கு போட்டுவிட்டாளாம். 'ஸாரி அண்ணா' என்று போட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு போனை விசிறியடிக்கப் போனேன். இரண்டரை அடியை நாற்பது துண்டாக நறுக்கி ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார்கள். காகிதத்தில் கால்வாய் இப்போது ஒழுங்காக ஓடும். அக்கா வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்கப்போகிற தண்ணீரை எந்த நாற்பது வீட்டுக்குப் பங்கு போடுவார்கள்? தண்ணீரைப் பற்றித்தானே படிக்கிறார்கள்? கோபம் அவள் மேல் மட்டும் இல்லை. வாய் இருந்தும் பெட்டி எண்ணிக்கொண்டு நின்றவன் மேலும்தான்.

ஆவணியில் நான் தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பித் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன். மூன்றாம் தடவை உள்ளே போய்விட்டேன். அதே எஞ்சினியர். சட்டை பட்டனைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கல்ல ஏத்தி வெச்சவன் நான்தான் சார்" என்றேன்.

"எந்தக் கல்லு?"

நாலு மாதமாக எந்தக் கேஸுக்குப் பயந்து தூக்கம் கெட்டுக் கிடந்தேனோ அது அவர் ஞாபகத்திலேயே இல்லை. முழுக்கச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருய்யா, கல்லு கள்ளன் தானா வந்து மாட்டிக்கிறாரு" என்று சிரித்தார். அந்த மேஜைக்காரரும் சிரித்தார். மனு எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதற்குப் பிறகு நான் எழுதிய முதல் மூன்று பக்கம் அது. நாலு வரி படித்தார். மடித்தார்.

"மழைக்காலம் முடியட்டும், வந்து பாக்கறோம்."

"மழைக்கு முன்னாடி அந்த மேட்ட உடைச்சாத்தான சார்..."

"நீங்க எஞ்சினியரா?"

"இல்ல சார். ஸ்டாஃப் புடிக்கறேன்."

"அப்ப அத நேராப் புடிங்க. போயிட்டு வாங்க."

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா ஊருக்குப் போனேன். காலனிக்காரர்கள் ஆறேழு பேரைக் கடப்பாரையோடு கூட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போனபோது மணி பத்து. அப்போதுதான் ஏரி கோடி போனது. மேல்பாதி ரொம்ப நன்றாக வேலை செய்தது. அத்தனை தண்ணீரையும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து அந்தச் சரிவில் மோதியது. மேட்டை உடைக்க இறங்கினோம். இடுப்பளவு தண்ணீருக்குள் கடப்பாரை சிமென்ட்டில் வழுக்கியது. நாலு குத்துக்கூட விழவில்லை. தண்ணீர் மார்புக்கு ஏறியது. கால்வாய்ச் சுவரைத் தாண்டியது. முன்பெல்லாம் வயல் முழுக்கப் பரவி மெலிந்து வந்த தண்ணீர், இப்போது ஒரே கட்டாக அக்கா வீட்டுப் பின்சுவரில் விழுந்தது. பின்பக்கம் கட்டியிருந்த ஆடுகளில் ஒன்றைத்தான் அவிழ்க்க முடிந்தது. மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்தோம். மத்தியானத்துக்குள் கட்டிலும் முழுகியது. மூன்று மணிக்குப் பின்சுவர் விழுந்தது. மிஷின் அதற்கு அடியில்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் அக்கா ஈரப் புடவையோடு ஆட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் அவளிடம் நான் சொல்லவில்லை. கல்லைப் பற்றி, எண்ணைப் பற்றி, அலுவலகத்தில் பெட்டிகளை எண்ணிக்கொண்டு வாய் மூடி நின்றதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஆட்டின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வெச்சியாடா?"

"ஆமாக்கா."

"அப்ப நேராத்தான் வெச்சிருப்ப. எதையும் கோணலா வெக்க மாட்ட நீ, சின்ன வயசுலேர்ந்து." கொஞ்சம் பொறுத்து, "பொட்டி எத்தினி இருந்துச்சுன்ன?" என்றாள்.

"பதினொண்ணு."

"நல்லா எண்ணிக்கினு நின்ன போ" என்றாள். ஆட்டை இழுத்துக்கொண்டு வராந்தாவின் மறு முனைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. வெள்ளச் சேதத்துக்கு லெவல் எடுக்க ஒன்பது மணிக்கு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். ஸ்டாஃப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாலத்துக் கல் மேல் முதலில் வைக்கச் சொன்னார்கள். இந்தக் கல் இரண்டரை அடி ஏறியிருக்கிறது, எண்ணோடு அதைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒருவர் அதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு கோலை நேராகப் பிடிக்கச் சொன்னார்.